டிரம்மில் ஒரு சாண் குறைந்தது

1

இந்தக் கதை ஒரு வாளியிலிருந்து பிறந்தது. இதைவிடப் பெரிய இடத்துச் சம்பந்தம் எதுவும் இதற்குக் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் எங்கள் வீட்டுக் குழாயைச் சரிசெய்ய ஒரு பிளம்பர் வந்தார். குழாயில் ரப்பர் ஹோஸை மாட்டினார். அதன் மறுமுனையைச் சோப்புத் தண்ணீர் நிறைந்த வாளிக்குள் போட்டுவிட்டு, போன் பேச வெளியே போனார். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டே எழுந்து போய், ஹோஸின் முனையை வாளியிலிருந்து வெளியே எடுத்து, விளிம்புக்கு மேலே நாலு விரல் உயரத்தில் ஒரு துணி கிளிப்பால் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் என்ன செய்தேன் என்பதே எனக்கு உறைத்தது. முப்பத்தைந்து வருடமாக என் கை என்னைக் கேட்காமல் இதைச் செய்துகொண்டிருக்கிறது.

பிளம்பர் திரும்பி வந்து பார்த்தார். "ஏம்மா, ஹோஸை யார் எடுத்தா?"

"நான்தான்."

"வாளித் தண்ணிதானே, அதுக்குள்ள இருந்தா என்ன ஆகிடப்போகுது?"

என்ன ஆகும் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, "ஒண்ணும் ஆகாது, நீங்க வேலையப் பாருங்க" என்று மழுப்பிவிட்டேன். அவரிடம் மழுப்பியதை உங்களிடம் மழுப்பாமல் சொல்ல முடியுமா என்று பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன். முடியாமலும் போகலாம். அதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

2

தொடக்கம் கிடைக்காமல் நாலு நாள் அலைந்தேன். கிடைத்தவற்றை மறைக்காமல் வைக்கிறேன்.

"தண்ணீர் எப்போதும் ஒரே பக்கம்தான் ஓடும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். ஆனால் குழாயில் அழுத்தம் குறையும்போது—"

[விட்டுவிட்டேன். குடிநீர் வாரியத்துச் சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது. யாரும் படிக்க மாட்டார்கள்.]

"அந்தத் தெருவில் காலை வெயில் முதலில் விழுவது போட்டோ ஸ்டுடியோவின் கண்ணாடிப் பெட்டிமேல்தான். உள்ளே சிரித்துக்கொண்டிருக்கும் முகங்கள் ஒவ்வொன்றாக—"

[இதுவும் வேண்டாம். அழகாக இருக்கிறது. அதுதான் சந்தேகமாக இருக்கிறது.]

"நாலுவிரல் அக்கா வருகிறாள் என்றால் தெருவே ஹோஸைச் சுருட்டும்."

இது பரவாயில்லை. உண்மையும்கூட. இதையே வைத்துக்கொள்கிறேன்.

நாலுவிரல் அக்கா வருகிறாள் என்றால் தெருவே ஹோஸைச் சுருட்டும். அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. குடிநீர் வாரியத்தில் குழாய் ஆய்வாளர். குடிக்கிற தண்ணீர்க் குழாய் எங்கேயாவது கெட்ட தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று கடை கடையாக ஏறி இறங்கிப் பார்ப்பது அவள் வேலை. தொட்டிக்கும் குழாய் மூக்குக்கும் நடுவே இடதுகையைக் கிடையாக நீட்டுவாள். கட்டைவிரல் நீங்கலாக நாலு விரலும் உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் நோட்டீஸ். ஹோஸ் வைத்தே ஆக வேண்டிய இடமென்றால் நான்-ரிட்டர்ன் வால்வு போடச் சொல்லுவாள். அது தண்ணீரைப் போக விடும், வர விடாது.*

(* தண்ணீர் எப்படித் திரும்பி வரும் என்று கேட்பவர்களுக்கு: டாங்கிலிருந்து பெட்ரோல் எடுக்க டியூபை வாயில் வைத்து உறிஞ்சியவரைப் பார்த்திருப்பீர்கள். தெருவின் கீழ்க்கோடியில் மெயின் குழாயைத் திறந்து பழுது பார்க்கும்போது குழாயிலிருக்கும் தண்ணீர் அங்கே இறங்கி வடியும். வடியும்போது மேலே எந்தக் கடையில் ஹோஸ் முங்கிக் கிடக்கிறதோ அங்கிருந்து உறிஞ்சும். போன மச்சான் திரும்பி வந்தான் பூமணத்தோடே என்பார்கள். போன தண்ணீர் திரும்பி வந்தால் பூமணத்தோடு வராது.)

லாண்டரிக்காரருக்கும் அவளுக்கும் வாரம் ஒரு வாக்குவாதம் உண்டு.

"அக்கா, நான் துவைக்கிறது ஊரு அழுக்கு. அது ஊருக் குழாய்க்கே திரும்பிப் போனா நியாயம்தானே?"

"நியாயம்தான். முதல் டம்ளரை நீங்க குடிச்சுக் காட்டுங்க, நோட்டீஸைக் கிழிச்சிடறேன்."

லாண்டரிக்காரர் சிரித்துக்கொண்டே ஹோஸைச் சுருட்டுவார். அவள் அந்தப் பக்கம் போனதும் மறுபடி போடுவார். அவள் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வருவாள். அதுவும் அவருக்குத் தெரியும்.

3

கதைக்கு நடுவில் அலுவலகத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்லப்போகிறேன், ஏனென்றால் அங்கே போய் நின்றால் எனக்குத் திரும்பி வர மனம் வருவதில்லை.

நீர்த்தொட்டிக்குக் கீழே ஒரே அறை. மேலே எந்நேரமும் லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீர் நின்றுகொண்டிருந்ததால் கோடையிலும் தரை சில்லென்றிருக்கும். எல்லாரும் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வேலை செய்வோம்— செய்வார்கள். சுவர் முழுக்க ஊரின் குழாய் வரைபடம். நீல நூல் குடிநீர், சிவப்பு நூல் கழிவுநீர். இரண்டும் குறுக்கே போகும் இடத்திலெல்லாம் அக்கா ஒரு குண்டூசி குத்திவைத்திருந்தாள். பொறியாளர் அந்தக் குண்டூசிகளைப் பார்க்கும்போதெல்லாம் தலையைச் சொறிந்துகொள்வார்.

ஃபிட்டருக்குப் பெயர் 'காது'. இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக்கொண்டு, மண்ணுக்கடியில் குழாய் எங்கே கசிகிறது என்று சொல்லிவிடுவார். வீட்டில் மனைவி கூப்பிட்டால் மட்டும் கேட்காது என்பது அலுவலகத்தின் நிரந்தர நகைச்சுவை.

அப்புறம் ஒரு தட்டச்சுக்காரி. இருபத்திரண்டு வயது. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். அக்கா சொல்லச் சொல்ல அவள் அடிப்பாள். மூன்று பிரதி, நடுவே இரண்டு கார்பன் தாள். அக்கா அவளுக்கு மதியச் சாப்பாட்டில் பாதியைக் கொடுப்பாள். மழை வந்தால் பேருந்து நிறுத்தம் வரை குடை பிடித்து வந்து விடுவாள். அந்தப் பெண்ணுக்கு அக்கா என்றால் உயிர். அவளைப் படர்க்கையிலேயே வைத்திருக்கிறேன். காரணத்தை இப்போது கேட்காதீர்கள்.

4

இந்தப் பகுதியை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். அக்கா தவறு செய்கிறாள். நமக்குப் பிடித்தவர்களைத் தவறு செய்ய வைப்பது எழுதுகிறவருக்குக் கஷ்டமான வேலை.

அந்தத் தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர் அக்காவின் சொந்த அண்ணன். எட்டு வயது மூத்தவர். அப்பா போன பிறகு அவர்தான் இவளைப் படிக்கவைத்தார். வேலைக்கு விண்ணப்பம் போட்டபோது போட்டோ எடுத்ததும் அவர்தான். "பாப்பா, மூக்கைத் தூக்காத. ஆபீசர் மாதிரி இருக்கணும், அம்மன் சிலை மாதிரி இல்ல" என்று அவர் திட்டியதில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு இருந்த படத்தைத்தான் விண்ணப்பத்தில் ஒட்டினாள். இன்னொரு பெரிய பிரதி கடை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் பல வருடம் இருந்தது. வெயில்பட்டு வெளுக்கும்போதெல்லாம் அண்ணன் புதிதாக ஒன்று போட்டு வைப்பார்.

ஆய்வுக்கு அவள் அந்தக் கடைக்குப் போன நாளில் அண்ணனுக்குத் தலைக்கு மேல் வேலை. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எண்ணூறு பேருக்கு அடையாள அட்டைப் படம். இருட்டறையில் ஒரு நீல டிரம். போட்டோ அழியாமல் நிற்பதற்கான மருந்தை அதில்தான் கரைப்பார்கள், ஹைப்போ என்று பெயர். குழாயிலிருந்து வந்த ஹோஸின் முனை அந்த மருந்துக்குள் முக்கால் முழம் முங்கிக் கிடந்தது.

"அண்ணா, என்ன இது?"

"தெரியும் பாப்பா, தெரியும். ரெண்டே நாள். ஆளைக் கூப்பிட்டு மேல தூக்கி மாட்டிடறேன்."

"நோட்டீஸ் குடுக்கணும்."

"குடு. குடுத்தா ஒரு வாரம் தண்ணிய நிறுத்துவீங்க. எண்ணூறு பிள்ளைங்க மூஞ்சியும் இந்த டிரம்லதான் கிடக்கு. உனக்குத் தெரியாததா?"

அண்ணி தேநீர்த் தம்ளரோடு கதவருகே வந்து நின்றாள். "அவ ஆபீசர். நாம யாரோ. நீங்க ஏன் கெஞ்சறீங்க?" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரித்துக்கொண்டு சொன்னதால்தான் தைத்தது.

அக்கா ஹோஸைத் தன் கையாலேயே வெளியே எடுத்து ஆணியில் மாட்டினாள். "ரெண்டு நாள் கழிச்சு வருவேன்" என்றாள். ஆய்வுத் தாளில் 'குறை இல்லை' என்று எழுதினாள்.

இரண்டு நாள் கழித்து வேறொரு வட்டாரத்தில் மெயின் குழாய் உடைந்தது. அதற்கப்புறம் வேறொன்று. அப்படியே நான்கு மாதம் ஓடிப்போனது.

[அவள் மறந்தாளா, மறந்தது போல இருந்தாளா என்று இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். ஊருக்கெல்லாம் நாலு விரல், உடன்பிறந்தவனுக்கு மட்டும் ஒரு கண் மூடல் என்று நீங்கள் நினைத்தால் அதைத் தடுக்க எனக்கு வழியில்லை. நீங்களும் ஒரு கண்ணை எங்கேயாவது மூடியிருப்பீர்கள்.]

5

அன்று காலை பத்தரைக்குத் தெருவின் கீழ்முனையில் குழாய் வெடித்தது. காதும் இன்னும் இரண்டு பேரும் மேலே வால்வை மூடிவிட்டுக் கீழே பள்ளம் தோண்டினார்கள். குழாயிலிருந்த தண்ணீரெல்லாம் பள்ளத்துக்குள் கொட்டியது. அந்த நேரத்தில் ஸ்டுடியோவில் அண்ணன் மருந்து கரைத்துக்கொண்டிருந்தார். குழாய் நின்றுபோனது. திரும்ப வந்துவிடும் என்று அப்படியே திறந்து வைத்துவிட்டு, முன்னறையில் ஒரு குடும்பத்தைப் படமெடுக்கப் போய்விட்டார். ஹோஸ் டிரம்முக்குள். தண்ணீர் வருமுன் ஒருமுறை ஓடிவந்து குழாயை மூடிவிட்டு மறுபடி முன்னறைக்குப் போனார்.

பன்னிரண்டுக்குத் தண்ணீர் வந்தது. தெருவின் பாதி இறக்கத்தில் ஒரு குழந்தைகள் காப்பகம். அங்கே ஆயா குடிநீர்ப் பானையை நிறைத்தாள். சாப்பாடு முடிந்து பிள்ளைகள் குடித்தார்கள். ஒன்றரை மணிக்குள் பதினொரு பிள்ளைகள் வாந்தியெடுத்தார்கள். மூன்றரை வயதுச் சிறுமி ஒருத்திக்கு வாந்தி நிற்கவே இல்லை. ஆயா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

அக்கா காப்பகத்துக்கு வந்தபோது தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு மூக்கருகே கொண்டுபோனாள்.

காடியும் எரிந்த தீக்குச்சியும் கலந்தது போல மெல்லிய ஒரு வாசம். வேறு யாராக இருந்தாலும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி இரண்டு நாள் காத்திருப்பார்கள். அவளுக்குத் தேவைப்படவில்லை. சிறுவயதில் காய்ச்சலில் படுத்திருந்தபோது நெற்றியைத் தொட்டுப் பார்த்த விரல்களின் வாசம் அது. சோறு பிசைந்து ஊட்டிய விரல்கள். அண்ணன் எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் அந்த வாசம் போகாது. அவளுக்கு அது பிடிக்கும்.

டம்ளரை அவள் கீழே வைத்த விதத்தைப் பார்த்து, "என்னம்மா?" என்றார் காது.

"ஒண்ணுமில்ல. வாங்க."

முதலில் நான் எழுதியது இப்படி: அவள் சலூனில் ஏறிப் பார்த்தாள், தையற்கடையில் ஏறிப் பார்த்தாள், லாண்டரியில் நின்றாள், வேறு எங்காவது இருந்துவிடாதா என்று ஒவ்வொரு படியாக ஏறி— நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் காது எனக்குப் பிற்பாடு சொன்னது வேறு. "எங்கயும் நிக்கலம்மா. நேரா அண்ணன் கடைக்குத்தான் போச்சு. நடந்துச்சுன்னு சொல்ல முடியாது, ஓடுச்சுன்னும் சொல்ல முடியாது." ஆகவே அவளை நேராகவே போகவிடுகிறேன்.

அண்ணன் இருட்டறையில் டிரம்மையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணா, டிரம்ல குறைஞ்சிருக்கா?"

"ஆமா, உனக்கெப்படித் தெரியும்? ஒரு சாண் குறைஞ்சிருக்கு. அடியில ஓட்டையான்னு தடவிப் பாக்கறேன், தரை காஞ்சு கிடக்கு. எங்கதான் போயிருக்கும்?"

அவள் ஹோஸைப் பார்த்தாள். அவர் அவள் பார்வையைத் தொடர்ந்து போய் ஹோஸைப் பார்த்தார். பிறகு குழாயை. பிறகு வாசல் பக்கம், தெருவை.

"யாரு குடிச்சா?" என்றார். 

"காப்பகத்துப் பிள்ளைங்க."

போட்டோவுக்கு உட்காரும் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவள் குழாயை இன்னும் இறுக்கி, பையிலிருந்து கம்பியும் ஈயமும் எடுத்து முத்திரை வைத்தாள். அண்ணி ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். "சொந்த அண்ணன் கடைக்கு சீல் வெக்கிறியே, உனக்குக் கை நடுங்கலையா?"

"நடுங்குது அண்ணி. கொஞ்சம் விடுங்க, முடிச்சு சரியா விழல."

"விடு அவளை" என்றார் அண்ணன். "அவ வேலைய அவ செய்யறா."

சிறுமி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அக்கா ஒன்பது நாளும் போனாள். ஒன்பதாம் நாள் அந்தப் பிள்ளை எழுந்து உட்கார்ந்து, "இந்த அத்தை ஏன் தினம் வந்து சும்மா நிக்குது?" என்று தன் அம்மாவிடம் கேட்டாள். பிழைத்துக்கொண்டாள். இதில் கதாசிரியர் சலுகை எதுவும் இல்லை. உண்மையிலேயே பிழைத்துக்கொண்டாள்.

6

தட்டச்சுக்காரி நான்தான். உங்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கும்.

சிறுமி ஆஸ்பத்திரியில் இருந்த மூன்றாம் நாள், மதியம் மூன்று மணிக்கு, அக்கா விபத்து அறிக்கையைச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். குழாய் வெடித்த நேரம், வால்வு மூடிய நேரம், டிரம்மின் கொள்ளளவு, ஹோஸின் நீளம். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. இரண்டாம் பக்கத்தின் நடுவில் சொன்னாள்:

"மேற்படி ஹோஸ் மருந்துக்குள் முங்கியிருந்ததை நான்கு மாதங்களுக்கு முன் நடந்த ஆய்வின்போதே நான் நேரில் பார்த்தேன். உரிமையாளர் என் அண்ணன் என்பதால் நோட்டீஸ் கொடுக்கவில்லை. இது என் குற்றம்."

என் விரல்கள் நின்றன. "அக்கா, இது வேணுமா?"

"அடி."

"வேலை போயிடும் அக்கா."

"போகட்டும். நீ அடி." சொல்லிவிட்டு முகம் கழுவக் குழாயடிக்குப் போனாள்.

நான் அடுத்த பத்தியை அடித்தேன். அந்த வரிகளை அடிக்கவில்லை. இவ்வளவுதான் நான் செய்தது. அடிக்காமல் விடுவதற்கு ஒரு விசையைக்கூடத் தொட வேண்டியதில்லை. அவள் திரும்பி வந்ததும் தாள்களை உருவி, கார்பனைப் பிரித்துக் கொடுத்தேன். எதையும் வரிவரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போடாதவள் அவள். அன்று படித்தாளா? பொறியாளர் மேசையருகே வந்து நின்று அவசரப்படுத்தினார். இரண்டாம் பக்கத்தில் அவள் கை ஒரு கணம் நின்றது என்று எனக்கு நினைவு. நான் நினைவு வைத்துக்கொள்ள விரும்புவதால் அப்படி இருக்கிறதா என்றும் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வாரம் விசாரணை. உறவு என்பதால் அக்காவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். உள்ளே பொறியாளர், அண்ணன், குறிப்பெடுக்க நான். பொறியாளர் அறிக்கையை முழுக்க வாசித்தார். அண்ணன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஆய்வைப் பற்றிய இடம் வந்து, 'குறை இல்லை' என்று கடந்துபோனபோது மட்டும் நிமிர்ந்தார்.

"முந்தின ஆய்வப்போ இந்த ஹோஸ் இருந்துச்சா? யாராவது பாத்தாங்களா?" என்று கேட்டார் பொறியாளர்.

வெகுநேரம் மேசையில் கிடந்த அறிக்கையையே பார்த்தார் அண்ணன். "இல்ல சார். அவ வந்துட்டுப் போனப்புறம் நான்தான் போட்டேன். அவளுக்குத் தெரியாது."

நான் அதை எழுதிக்கொண்டேன். பேனா ஓடியது.

வெளியே போகும்போது பெஞ்சைத் தாண்டித்தான் போக வேண்டும். அக்கா எழுந்து நின்றாள். அவர் நிற்கவில்லை.

'தங்கச்சி கண்ணுலயே மண்ணைத் தூவின ஆளு' என்று தெரு பேசியது. யாரும் அவரிடம் படமெடுக்கப் போகவில்லை. அந்த வருடத்துக்குள்ளேயே கடையைக் காலி செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். போகும்போது கண்ணாடிப் பெட்டியிலிருந்த எல்லாப் படங்களையும் எடுத்துப் போனார், அக்காவின் சிரிப்பையும் சேர்த்து. அதற்கப்புறம் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை.

அக்காவுக்கு மெமோகூட வரவில்லை. பல மாதம் காலையில் வந்ததும் தபால் தட்டைப் பார்ப்பாள். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம் அதே வேலையில் இருந்து ஓய்வு பெற்றாள். ஒரு தெருவில்கூட மறுபடி அப்படி நடக்கவில்லை.

[நல்ல எண்ணமும் சில சமயம் பின்னோக்கிப் பாயும் என்று இங்கே ஒரு வாக்கியம் எழுதி, வெட்கப்பட்டு அடித்துவிட்டேன்.]

இத்தனை வருடம் நான் உறங்கியது ஒரே நம்பிக்கையில்: அவள் அன்று படித்தாள். வரி இல்லாததைப் பார்த்தாள். பார்த்தும் கையெழுத்துப் போட்டாள். அப்படியென்றால் குற்றம் பாதி அவளுடையது, பாதி என்னுடையது. பாதியோடு ஒரு மனுஷி வாழ்ந்துவிடலாம்.

7

இந்தப் பகுதியை அக்கா வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதுகிறேன். அக்கா எதிரே உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு இப்போது எழுபத்தொன்று. வந்தவுடனே, "ஆறு பகுதி எழுதியிருக்கேன் அக்கா, உங்களைப் பத்தி" என்று சொல்லிக் கொடுத்தேன். கொடுக்கும்போது ஆறாம் பகுதி இரண்டு தாளையும் உருவி இந்த நோட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். திட்டமிட்டுச் செய்யவில்லை. கை செய்தது.

லாண்டரிக்காரர் வரும் இடத்தில் சிரித்தாள். "பாவி மனுஷன். கடைசி வரைக்கும் தண்ணி காட்டினான் எனக்கு." காதைப் பற்றிப் படித்ததும், "அவருக்குப் பொண்டாட்டி கூப்பிட்டாலும் கேக்கும். கேக்காத மாதிரி இருப்பாரு" என்று திருத்தினாள். நாலாம் பகுதிக்கு வந்தபோது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தேன்.

"அண்ணி தேத்தண்ணி கொண்டு வரல அன்னிக்கு" என்றாள். "வெறுங்கையோடதான் வந்து நின்னாங்க. மத்ததெல்லாம் சரிதான்."

"நீங்க நோட்டீஸ் குடுக்காததை எழுதியிருக்கேனே... பரவாயில்லையா?"

"இதுல என்ன இருக்கு? ரிப்போர்ட்லயே எழுதிக் குடுத்ததுதானே. நீதானே அடிச்ச."

அவள் குரலில் வேறெதுவும் இல்லை. நான் தேடினேன். இல்லை.

"அப்ப எனக்கு ஏன் ஒரு மெமோகூடக் குடுக்கலைன்னு இன்னிக்கு வரைக்கும் புரியல. பாவம்னு விட்டுட்டாங்க போல" என்றாள். பக்கத்தைத் திருப்பினாள். கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "இதைவிடப் புரியாதது அண்ணன்தான். சீல் வெச்சதுக்குக் கோவப்படற ஆளில்ல அவன். நீயே எழுதியிருக்க பாரு, 'அவ வேலைய அவ செய்யறா'ன்னான். அப்புறம் ஏன் அப்படி வெட்டிக்கிட்டுப் போனான்? எழுபத்தொம்பது வயசாச்சு. மக வீட்ல இருக்கான். மூணு தடவை போன் பண்ணினேன், அண்ணிதான் எடுக்கறாங்க. அவன் வர்றதில்ல" என்றாள்.

அவள் அன்று படிக்கவில்லை; தங்கையே அந்த வரியை மறைத்தாள் என்றுதான் அண்ணன் இத்தனை வருடமும் நினைத்திருக்கிறார். அவள் பாதியும் என்னிடமே திரும்பி வந்து முழுதாகிவிட்டது.

அக்கா ஐந்தாம் பகுதியை முடித்துவிட்டாள். கடைசித் தாளைக் கவிழ்த்துப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறாள்.

"அஞ்சோட நிக்குதே. ஆறு எங்கடி?"

இங்கே நான் சில முடிவுகளை எழுதிவைக்கலாம். 'இன்னும் முடிக்கலக்கா' என்று சொல்லலாம். அது முழுப் பொய்யும் இல்லை. அவள் நம்புவாள், பாதிச் சாப்பாட்டைக் கொடுப்பாள், பேருந்து நிறுத்தம் வரை வந்து வழியனுப்புவாள். அல்லது தாள்களைக் கொடுக்கலாம். கொடுத்தால் அவள் நாலாம் முறையாக அண்ணனுக்கு போன் செய்யக்கூடும். அண்ணி எடுத்தால், 'அவன்கிட்ட இதை மட்டும் படிச்சுக் காட்டுங்க அண்ணி' என்று சொல்லக்கூடும். அவர் வருவாரா, முப்பத்தைந்து வருடத்துக்கு ஒரு தாள் போதுமா, அதற்குப் பிறகு இந்த வீட்டுக் கதவு எனக்குத் திறக்குமா, எதுவும் தெரியாது. நீங்கள் ஆறாம் பகுதியைப் படித்துவிட்டீர்கள். அவள் இன்னும் படிக்கவில்லை. இந்த மேசைக்கு இந்தப் பக்கம் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அதில் உதவ வழியில்லை.

எழுதிக்கொண்டே நேரத்தைக் கடத்துகிறேன் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டாள். நோட்டின் கீழே துருத்திக்கொண்டிருக்கும் தாளின் ஓரத்தைப் பார்க்கிறாள். பிடுங்கவில்லை. மேசைக்குக் குறுக்கே கையை மட்டும் நீட்டியபடி இருக்கிறாள்.

நோட்டைத் தூக்க வேண்டுமென்றால் எழுதுவதை நிறுத்த வேண்டும். நிறுத்துகிறேன்.